‘நான் எம்மாத்திரம்?’ என்று தோன்றும்போது: வீட்டு ஜெபக்கூட்டப் பொறுப்பை முதன்முறை ஏற்பவருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் சபையில் 12 குடும்பங்கள் சேர்ந்து வெள்ளிக்கிழமைதோறும் நடத்திவரும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் தேவசெய்தி கொடுத்துவந்த பெரியவர், மகனோடு தங்குவதற்காக வெளியூர் சென்றபோது, அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்படி ஆயர் என்னைக் கேட்டார். நான் இறையியல் படித்தவன் அல்லன்; மருந்துக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன்; நான்கு பேர் முன்னால் எழுந்து நின்றாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். 3 வாரம் மறுத்து, நான்காம் வாரம் ஒப்புக்கொண்டு, 5 மாதம் வியாழக்கிழமை இரவுகளில் தூக்கமின்றித் தவித்து, ஆறாம் மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் கூட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பிறகு வேறு முறையில் மீண்டும் தொடங்கினேன். இப்போது நான்காம் ஆண்டு நடக்கிறது.

அந்த 5 மாதமும் என்னைச் சந்தித்த எல்லாரும் ‘தேவ பெலனைச் சார்ந்துகொள்ளுங்கள்’ என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால், எப்படிச் சார்ந்துகொள்வது, திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து வந்தவுடன் எதைச் செய்வது, பயம் போகாவிட்டால் போவதா வேண்டாமா என்பதை யாரும் சொல்லவில்லை. அதை உங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஞாயிறு பள்ளி வகுப்பு, விடுமுறை வேதாகமப் பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செய்தி கொடுப்பது, வாலிபர் கூடுகை என எந்தப் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தாலும் இந்தப் படிகள் பொருந்தும்.

1. பதில் சொல்ல ஒரு வாரம் கேளுங்கள். விவரங்களை எழுதி வாங்குங்கள்

அழைப்பு பெரும்பாலும் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது வருகிறது. அந்த இடத்திலேயே ‘சரி’ என்றோ ‘என்னால் முடியாது’ என்றோ சொல்லிவிடாதீர்கள். ‘ஜெபித்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன், ஐயா’ என்று சொன்னால் எந்த ஆயரும் வருத்தப்பட மாட்டார். அந்த வாரத்துக்குள் ஐந்து விவரங்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நாள், எத்தனை நிமிடம் பேச வேண்டும், எத்தனை மாதத்துக்கு இந்தப் பொறுப்பு, வர முடியாத வாரத்தில் யார் எடுப்பார், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது. நான் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. கால எல்லை தெரியாத பொறுப்பாக இருந்ததனால், வாழ்நாள் முழுவதும் சுமக்கவேண்டிய மூட்டையாக அது என் மனத்தில் கனத்தது. 3 மாதம் என்று பேசியிருந்தால் என் பயம் பாதியாகக் குறைந்திருக்கும்.

அந்த ஒரு வாரத்தில் யாத்திராகமம் 3, 4 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் நிதானமாக வாசியுங்கள். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவரும்படி கர்த்தர் சொல்லும்போது மோசே ஐந்து முறை தயங்குகிறார். நான் எம்மாத்திரம், உம்முடைய நாமம் என்னவென்று கேட்டால் என்ன சொல்வேன், அவர்கள் என்னை நம்பமாட்டார்கள், நான் வாக்குவல்லவன் அல்ல, வேறு யாரையாவது அனுப்பும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதல் தயக்கத்துக்குக் கர்த்தர் கொடுத்த பதிலைக் கவனியுங்கள். ‘நீ திறமையுள்ளவன்’ என்று அவர் தேற்றவில்லை. ‘நான் உன்னோடே இருப்பேன்’ என்றார். மோசே தன் தகுதியைப் பற்றிக் கேட்டதற்குக் கர்த்தர் தம்முடைய கூடவிருத்தலைப் பதிலாகத் தருகிறார். நான் அந்த 3 வாரமும் காத்திருந்தது, ‘உன்னால் முடியும்’ என்று உள்ளே ஒரு தைரியம் பிறப்பதற்காக. அப்படி ஒரு தைரியம் மோசேக்கே வாக்களிக்கப்படவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாமல் போயிற்று.

எச்சரிக்கை: முதல் நான்கு தயக்கங்களுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன கர்த்தர், ஐந்தாவதில் கோபமடைந்தார் என்று 4:14 சொல்கிறது. கேள்வி கேட்பது தவறல்ல. எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகும் நழுவப் பார்ப்பதுதான் தவறு.

2. உங்கள் குறைகளை எழுதி, மூன்றாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் மிகவும் முக்கியமான படி இதுதான். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ‘எனக்குத் தகுதியில்லை’ என்ற உணர்வு பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், அதற்குள் வெவ்வேறு காரியங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் ‘ஆண்டவரே, எனக்குப் பெலன் தாரும்’ என்று மொத்தமாக ஜெபித்ததனால்தான் எனக்கு எந்தப் பதிலும் பிடிபடவில்லை. ஒரு தாளில், உங்களைத் தடுக்கும் எல்லாவற்றையும் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரியும் கீழ்க்காணும் எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள்.

முதல் வகை, கற்றுக்கொள்ளக்கூடிய குறை. வேதாகமத்தில் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரியாதது, சத்தமாக ஜெபித்துப் பழகாதது, பாட்டைச் சரியான சுருதியில் தொடங்கத் தெரியாதது ஆகியவை இதில் சேரும். என் தாளில் இருந்த 11 வரிகளில் 6 வரிகள் இந்த வகைதான். இவற்றுக்குப் பயிற்சியே மருந்து. அந்தப் பயிற்சிக்கு வேண்டிய பொறுமையைக் கேட்பதே இங்கே ஜெபம்.

இரண்டாம் வகை, மாற்ற முடியாத நிலைமை. திக்குவாய், நோய், வயது, குடும்பப் பின்னணி, படிப்பு, நேரமின்மை போன்றவை. தேவன் அழைத்தபோது எரேமியா ‘சிறுபிள்ளையாயிருக்கிறேன்’ என்றார். கிதியோன் தன் குடும்பம் மனாசேயில் மிகவும் எளியது என்றும், தகப்பன் வீட்டில் தானே எல்லாரிலும் சிறியவன் என்றும் சொன்னார். கிதியோனின் குடும்பம் அதனால் பெரிய குடும்பமாக மாறிவிடவில்லை. மாறாக, யுத்தத்துக்காக அவரிடம் கூடிய 32,000 பேரில் 22,000 பேரும், பிறகு 9,700 பேரும் திருப்பி அனுப்பப்பட்டு, 300 பேரே மிஞ்சினார்கள். பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை, ‘என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்’ என்ற வார்த்தை வந்தது. இந்த வகையில் வரும் வரிகளுக்கு எதிரே 2 கொரிந்தியர் 12:9 என்று எழுதிவிட்டு, அந்தக் குறையோடேயே வேலையைத் தொடங்குங்கள். அது நீங்கட்டும் என்று காத்திருந்தால் தொடங்கவே மாட்டீர்கள்.

மூன்றாம் வகை, பாவம். இதில்தான் பலர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். என் தாளில் ஒரு வரி, உறவினர் ஒருவரோடு 2 ஆண்டாகப் பேசாமல் இருந்ததைப் பற்றியது. அதை ‘என் பலவீனம்’ என்று எழுதி வைத்திருந்தேன். ஆனால், பவுல் தாம் பிரியப்படுவதாகச் சொல்லும் பட்டியலைப் பாருங்கள்: பலவீனங்கள், நிந்தைகள், நெருக்கங்கள், துன்பங்கள், இடுக்கண்கள். அதில் பகையோ, பொய்யோ, கள்ளக்கணக்கோ இல்லை. இவற்றுக்குக் கிருபை உண்டு. அந்தக் கிருபை மன்னிப்பாக வருகிறது. அறிக்கை செய்யுங்கள், சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யுங்கள். நான் அந்த உறவினர் வீட்டுக்குப் போய்வர ஒரு மாலைப்பொழுதும் பேருந்துக் கட்டணமும்தான் ஆயின. அதைச் செய்யாமல் ஒத்திப்போட்ட மாதங்களில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேசும்போது நாக்கு உலர்ந்துபோனதற்குக் காரணம் சபைக்கூச்சம் மட்டும் அல்ல என்று இப்போது அறிகிறேன்.

மூன்றிலும் சேராத வரிகள் சில மிஞ்சும். ‘போன ஆண்டு பேசினவர் என்னைவிட நன்றாகப் பேசினார்’ என்பதைப் போன்றவை அவை. அவற்றை அடித்துவிடுங்கள். கொரிந்துவில் சிலர் பவுலின் தோற்றம் பலவீனமானது, பேச்சு அற்பமானது என்று சொன்னதாக அவரே 2 கொரிந்தியர் 10:10இல் எழுதிவைத்திருக்கிறார்.

3. தேவையான ஏடுகளும் செலவும்

புதிதாக ஊழியத்துக்கு வருகிறவர்கள் பயத்தைப் புத்தகங்களால் மூட முயல்வது வழக்கம். முதல் 3 மாதத்துக்கு வேண்டியவை இவ்வளவுதான்: நீங்கள் ஏற்கெனவே வாசித்துவரும் வேதாகமம், ஒரு நோட்டுப் புத்தகம், சபையில் பாடும் கீர்த்தனைப் புத்தகம், கூட்டத்துக்கு வரும் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல். ஒத்துவாக்கியங்கள் (ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்புகள்) அச்சிட்ட வேதாகமம் இருந்தால் ஆயத்த நேரம் பாதியாகக் குறையும். வாங்க வசதியில்லாதவர்கள் சபையில் ஒருவரிடம் இரவல் கேளுங்கள், அல்லது கைப்பேசியில் கட்டணமின்றிக் கிடைக்கும் தமிழ் வேதாகமச் செயலியைப் பயன்படுத்துங்கள். சொல் தேட மட்டும் கைப்பேசியை எடுங்கள். வாசிப்பதை அச்சுப் புத்தகத்தில் வாசியுங்கள். எனக்கு இரண்டாம் முறை தொடங்கியபோது, நோட்டும் பாட்டுப் பிரதிகளும் சேர்த்து முதல் 3 மாதத்தில் 500 ரூபாய்க்குள்தான் செலவானது. முதல் முறை விளக்கவுரைத் தொகுதிகளுக்காகச் செலவழித்தது அதைப்போல் பல மடங்கு. அவற்றில் பாதியைப் பிரிக்கவே இல்லை.

ஞாயிறு பள்ளியோ விடுமுறை வேதாகமப் பள்ளியோ எடுப்பவர்களுக்கு இன்னும் இரண்டு ஏடுகள் வேண்டும். ஒன்று, ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோர் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வாமை விவரமும் அடங்கிய பட்டியல். மற்றொன்று, வெளியே எங்கேயாவது அழைத்துச் செல்வதாக இருந்தால் பெற்றோரின் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம். பிள்ளைகளோடு தனியாக ஒருபோதும் இருக்காதீர்கள். எப்போதும் இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லி இவற்றைத் தவிர்ப்பது விசுவாசம் ஆகாது.

எச்சரிக்கை: நீங்கள் சோர்ந்திருப்பது வெளியே தெரிந்தால், வல்லமையைப் பெற்றுத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்கிறவர்கள் வருவார்கள். விசேஷ அபிஷேக முகாம், ஊழிய வரம் பெறும் பயிற்சி என்று பல பெயர்களில் அது வரும். அப்போஸ்தலர் 8இல் சீமோன் பணத்தைக் கொண்டுவந்து இதையே கேட்டபோது பேதுரு என்ன சொன்னார் என்று வாசியுங்கள். பாடம் கற்பிக்கிறவர் கட்டணம் வாங்குவது வேறு. தேவ வரத்துக்கு விலை சொல்வது வேறு. இரண்டாவதற்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

4. ஜெபத்துக்கு நேரத்தையும் சொற்களையும் முன்னதாகத் தீர்மானியுங்கள்

காலையில் 15 நிமிடம் போதும். ஆனால் அது தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். அதிகாலை 4 மணிக்கு எழுந்து 2 மணி நேரம் ஜெபிக்கிறவர்களின் சாட்சியைக் கேட்டு நானும் முயன்றேன். 9 நாள் நீடித்தது. பத்தாம் நாள் எழ முடியாமற்போனபோது, ஜெபிக்கவே தகுதியில்லாதவன் என்ற புதிய பாரம் ஒன்று பழைய பாரத்தின்மேல் ஏறிக்கொண்டது. முடிந்த அளவில் தொடங்குங்கள். வளர்வது பிறகு வளரட்டும்.

சொற்கள் வராத நாட்களுக்காக இரண்டு ஜெபங்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பெருங்கூட்டம் யுத்தத்துக்கு வந்தபோது யோசபாத் ராஜா ஜெபித்தது: தங்களுக்குப் பெலனில்லை, செய்யவேண்டியது இன்னதென்று தெரியவில்லை, ‘ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது’ என்று 2 நாளாகமம் 20:12இல் இருக்கிறது. ஒரு ராஜா, யூதா கோத்திரம் முழுவதும் குழந்தைகளோடு நின்றுகொண்டிருக்கும்போது, அவர்கள் காதில் விழும்படி ‘தெரியவில்லை’ என்று ஜெபித்திருக்கிறார். மற்றொன்று, மாற்கு 9:24இல் தன் மகனுக்காக வந்த தகப்பன் சொன்னது: ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.’ இவ்விரண்டையும் மாறி மாறிச் சொல்லியே நான் கடந்த வாரங்கள் உண்டு. அதுவும் இயலாதபோது மௌனமாக உட்கார்ந்திருங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வது இப்படிப்பட்ட காலை நேரங்களுக்குத்தான்.

ஜெபித்து முடித்தவுடன் பயம் நீங்கிவிட்டதா என்று உள்ளே தடவிப் பார்க்காதீர்கள். பெலன் வந்ததற்கு அடையாளம் அந்த உணர்ச்சி அல்ல. எழுந்து அன்றைய வேலையைச் செய்ய முடிந்திருக்கிறதே, அதைப் பாருங்கள்.

5. வாரத்துக்கு 3 மணி நேர ஆயத்தம்

கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை என்று வைத்துக்கொண்டு நான் இப்போது பின்பற்றும் முறையைத் தருகிறேன்; உங்கள் நாளுக்குத் தகுந்தபடி நகர்த்திக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை 30 நிமிடம்: எடுத்துக்கொண்ட பகுதியை மூன்று முறை வாசியுங்கள், மூன்றாம் முறை வாய்விட்டு வாசியுங்கள். 10 முதல் 15 வசனத்துக்கு மேல் எடுக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை 45 நிமிடம்: புரியாத சொற்களையும் ஒத்துவாக்கியங்களையும் பாருங்கள், முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களை வாசித்துவிடுங்கள். புதன்கிழமை 30 நிமிடம்: இந்தப் பகுதியில் தேவன் என்ன செய்கிறார் என்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். இந்த வாக்கியம் கிடைக்காமல் மேலே போகாதீர்கள். வியாழக்கிழமை ஒரு மணி நேரம்: அந்த வாக்கியத்தை விரித்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு பக்கம் நிதானமாகப் பேசினால் 12 நிமிடம் வரும். வேலை முடிந்து களைத்து வந்திருக்கிறவர்களுக்கு அது போதுமானது. இரவு 10 மணிக்கு நோட்டை மூடிவிடுங்கள். வெள்ளிக்கிழமை 15 நிமிடம்: வாசித்துப் பாருங்கள், ஜெபியுங்கள், புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

இங்கே இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. ஒரு பக்கம், ஆயத்தமே வேண்டாம் என்பவர்கள். ‘உன் வாயை விரிவாய்த் திற, நான் அதை நிரப்புவேன்’ என்ற சங்கீதம் 81:10ஐ எனக்கும் சொன்னார்கள். அந்தச் சங்கீதத்தைக் கடைசி வரை வாசித்தால், அங்கே வாயை நிரப்புவது கோதுமையும் கன்மலையின் தேனும் என்று தெரியும். அது பசித்த ஜனத்தைப் போஷிக்கும் தகப்பனின் வாக்கு, செய்தி ஆயத்தம் செய்யாதவருக்கான சலுகை அல்ல. ‘என்னத்தைப் பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள்’ என்று மத்தேயு 10:19இல் இயேசு சொன்னதும், அதிபதிகள் முன்பாக இழுத்துச்செல்லப்படப்போகும் சீஷருக்கு. 4 நாள் கையில் இருந்தும் வேதத்தைத் திறக்காத எனக்கு அந்த வாக்கை எடுத்துக்கொள்ள உரிமையில்லை.

மறுபக்கம், ஆயத்தத்தையே பெலனாக எண்ணுகிறவர்கள். என் முதல் 5 மாதமும் அப்படித்தான் போயின. 9 பக்கம் எழுதினேன். காணொளிகளில் கேட்ட பிரசங்கங்களை ஒட்டுப்போட்டேன். ஒரு சொல் மறந்தாலும் எல்லாம் போயிற்று என்று நடுங்கினேன். கொலோசெயர் 1:29இல் பவுல் இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்கிறார்: தமக்குள்ளே வல்லமையாய்க் கிரியை நடப்பிக்கிற அவருடைய பலத்தின்படி, போராடிப் பிரயாசப்படுவதாக. பிரயாசம் பவுலுடையது, பலம் கிறிஸ்துவுடையது. ஒன்று இருப்பதனால் மற்றது தேவையில்லை என்று பவுல் எங்கும் சொல்லவில்லை. நானும் இந்த வசனத்தைப் பலமுறை கேட்டிருந்தேன். ‘பலத்தின்படி’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோ, ‘பிரயாசப்படுகிறேன்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோதான் இத்தனை நாள் ஓடியிருக்கிறேன்.

6. கூட்டத்தன்று

15 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். தண்ணீர் குடியுங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் முழுதாக எழுதிவைத்திருங்கள். நடுவில் தடுமாறினாலும் கரை தெரியும். கை நடுங்கினால் தாளைக் கையில் பிடிக்காமல் வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பவுல் கொரிந்துவுக்கு வந்தபோது பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்ததாக 1 கொரிந்தியர் 2:3இல் சொல்கிறார். நடுக்கம் நின்ற பிறகு பேசினதாக அங்கே எழுதப்படவில்லை.

பதில் தெரியாத கேள்வியை யாராவது கேட்டால், ‘எனக்குத் தெரியவில்லை, வாசித்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள், அடுத்த வாரம் மறக்காமல் சொல்லுங்கள். எனக்கு முதலில் இது மிகவும் கடினமாக இருந்தது. ஆனால், ஒரு பாட்டி என்னிடம், ‘தம்பி, தெரியலேன்னு நீங்க சொன்ன பிறகுதான் எனக்கும் சந்தேகம் கேக்கத் துணிச்சல் வந்தது’ என்றார். நான் மறைக்கப் பார்த்த குறையே அவருக்கு வழி திறந்திருந்தது.

வீடு திரும்பியபின் எப்படி இருந்தது என்று யாரிடமும் கேட்காதீர்கள். மறுநாள் காலையில் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எந்தப் பகுதி, எதில் தடுமாறினேன், எதில் உதவி கிடைத்தது. மூன்றாம் வரி பல வாரம் காலியாகத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் ஏதாவது இருக்கும்.

7. தனியாகச் சுமக்காதீர்கள்

பிலிப்பியர் 4:13ஐச் சுவரில் மாட்டாத கிறிஸ்தவ வீடு நம்மிடையே குறைவு: ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.’ அடுத்த வசனத்தையும் அதே சட்டத்துக்குள் வைத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை. அதில் பவுல், தம் உபத்திரவத்திலே பிலிப்பியர் பங்குபெற்றது நலமாயிருக்கிறது என்று நன்றி சொல்கிறார். கிறிஸ்துவின் பெலன் தமக்கு உண்டு என்று சொன்ன அதே மூச்சில், சபை அனுப்பிய உதவியையும் ஏற்றுக்கொள்கிறார்.

நடைமுறையில் மூன்று பேரைத் தேடுங்கள். உங்களுக்காகத் தினமும் ஜெபிப்பதாக வாக்குக் கொடுக்கும் ஒருவர். அவரிடம் வியாழக்கிழமை இரவு அந்த ஒரு வாக்கியத்தை அனுப்புங்கள். உங்கள் செய்தியைக் கேட்டுக் குறையைத் தனியாகச் சொல்லும் மூத்தவர் ஒருவர். மாதத்தில் ஒரு வாரம் உங்களுக்குப் பதிலாக எடுக்கக்கூடிய ஒருவர். அமலேக்கோடு யுத்தம் நடந்தபோது, உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகள் அசந்துபோயின. கர்த்தர் அவருக்குக் களைக்காத கைகளைக் கொடுக்கவில்லை. உட்கார ஒரு கல்லும், இரண்டு பக்கமும் தாங்க ஆரோனும் ஊர் என்பவரும் கிடைத்தார்கள். அடுத்த அதிகாரத்திலேயே மாமனாராகிய எத்திரோ வந்து, ‘நீர் செய்கிற காரியம் நல்லதல்ல’ என்று நேராகச் சொல்லி வேலையைப் பிரித்துக்கொடுக்க வைக்கிறார். உங்களுக்கும் ஒரு எத்திரோ வரலாம்; அவர் சொல்வதை விசுவாசக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு வந்த எத்திரோ, எங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். நான் கூட்டத்துக்குப் போகாமல் நின்ற 3 மாதமும் எல்லாரும் என்னைப் பார்த்து ஒதுங்கியபோது, அவர் மட்டும் வீட்டுக்கு வந்து, ‘நீங்க மாசத்துக்கு ரெண்டு வாரம் பேசுங்க, மத்த ரெண்டு வாரம் நான் பார்த்துக்கிறேன்’ என்றார். நான் எத்தனையோ இரவுகள் கேட்ட பெலன் அன்று எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது என்றுதான் நம்புகிறேன்.

8. உடம்பையும் மனத்தையும் கவனியுங்கள்

1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பி, ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்று சொல்லி இன்னொரு முறை சாப்பிடச் செய்கிறான். அந்தப் போஜனத்தின் பலத்தினால் அவர் 40 நாள் நடக்கிறார். வாரத்தில் ஒரு நாள் எந்தக் கூட்டத்துக்கும் போகாமல் வீட்டில் இருங்கள். 7 மணி நேரம் தூங்குங்கள். உபவாசம் இருப்பதாக இருந்தால் செய்தி கொடுக்கும் நாளில் வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த நாளும் வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தகுதியின்மை உணர்வு சபைப் பொறுப்போடு நிற்காமல், 2 வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமின்றி, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருமானால், அது மருத்துவம் பார்க்கவேண்டிய நிலை. இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஜெபத்தை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை, ஜெபித்துக்கொண்டே போங்கள். ‘விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு’ என்று கேட்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் பொறுப்பைத் தற்காலிகமாக ஒப்படைத்துவிடுங்கள்.

9. மூன்றாம் மாத முடிவில்

முதலில் பேசிக்கொண்ட 3 மாதம் முடிந்ததும், நோட்டோடும் இரண்டாம் படியில் எழுதிய தாளோடும் ஆயரைப் போய்ப் பாருங்கள். அரை மணி நேரம் கேளுங்கள். கற்றுக்கொள்ளக்கூடிய குறைகளில் எவை குறைந்தன, மாற்ற முடியாதவற்றோடு எப்படி நடந்தது என்று வரிவரியாகப் பேசுங்கள். தொடர்வதா, வேறு பொறுப்புக்கு மாறுவதா, ஓய்வெடுப்பதா என்பதை அங்கே தீர்மானியுங்கள். விலகுவதாக இருந்தால் நான் செய்ததுபோல் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள்.

பொறுப்பை இன்னொருவர் ஏற்கும் நாளில், குடும்பங்களின் பட்டியலையும், இதுவரை பேசிய பகுதிகளின் வரிசையையும் எழுதிக் கொடுங்கள். அவர் புதியவராக இருந்தால், முதல் நான்கு வாரமும் அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். பாட்டையும் தொடக்க ஜெபத்தையும் நீங்கள் நடத்துங்கள், அந்த 12 நிமிடத்தை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.